வீட்டுக்கும் கடைக்கும் ஒரு 'ஹப்': வாங்கும் முன்பும் பொருத்தும் போதும்

ஆரணியில் கீழே கடையும் மேலே வீடுமாக வாழும் வணிகர்கள் பலர். முன்கட்டில் மளிகை, பின்கட்டில் கிடங்கு, மாடியில் குடும்பம். நெசவாளர் தெருக்களிலோ கூடத்தில் தறி, அடுத்த அறையில் அடுப்பு. வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ஊரில், 'ஸ்மார்ட் ஹோம்' என்று விளம்பரம் செய்யப்படும் பொருள் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒரு பெட்டியையும் நான்கு பல்புகளையும் வாங்கி வருகிறார்கள். மாடி விளக்கில் தொடங்கும் வேலை பத்தே நாளில் மாடிப்படி இறங்கிக் கடையின் ஃப்ரீசர் வரை வந்துவிடுகிறது.

நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் அதுதான். மாடி விளக்கு ஒரு நாள் எரியாமல் போனால் யாருக்கும் நட்டமில்லை. ஃப்ரீசர் ஓர் இரவு ஓடாமல் நின்றால் அதில் உள்ள ஐஸ்கிரீமும் வெண்ணெயும் பாலும் நம் முதல். ஆகவே இந்தப் பெட்டியை எப்படி அமைப்பது, எந்த வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கவே கூடாது என்பவற்றை, இதில் முன்பழக்கம் இல்லாத உறுப்பினர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

ஹப் என்பது என்ன?

பல்பு, பிளக், கதவு திறந்தால் சொல்லும் சென்சார், வெப்பநிலை சொல்லும் சென்சார் ஆகியவை தனித்தனிப் பொருள்கள். ஒன்று மற்றொன்றை அறியாது. அவை சொல்வதையெல்லாம் கேட்டு, 'இது நடந்தால் அதைச் செய்' என்று கட்டளை இடும் பெட்டியே ஹப். கடையில் கணக்குப்பிள்ளை செய்யும் வேலையைப் போன்றது. சரக்கை அவர் தூக்குவதில்லை; ஆனால் எது வந்தது, எது போனது, யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

கடைகளில் இது பல உருவங்களில் கிடைக்கிறது. ரூட்டரோடு வயர் மூலமோ வைஃபை மூலமோ இணையும் சிறு பெட்டி ஒரு வகை. பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கருக்குள்ளேயே ஹப் அடங்கியிருப்பது இன்னொரு வகை. இங்கே ஒரு குழப்பம் நேர்கிறது. ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் ஹப் இருப்பதில்லை. ஒரே கம்பெனியின் விலை கூடிய ஸ்பீக்கரில் இருக்கும். விலை குறைந்ததில் இருக்காது. 'அதே கம்பெனி தானே' என்று வாங்கி வந்து, சென்சார் சேராமல் விழிப்பவர்கள் உண்டு. அட்டைப்பெட்டியின் மேல் 'ஜிக்பீ', 'மேட்டர்', 'த்ரெட்' ஆகியவற்றில் எது அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

இந்தப் பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் மொழிகள் இவை. வைஃபை நமக்குத் தெரிந்ததே. ரூட்டருடன் நேராகப் பேசும், மின்சாரம் அதிகம் எடுக்கும், ஆகவே பட்டன் பேட்டரியில் ஓடும் சிறு சென்சார்களுக்கு ஒத்துவராது. ஜிக்பீ குறைந்த மின்சாரத்தில் பேசுவது. சிறு பேட்டரியில் பல மாதங்கள் ஓடும். பிளக் போன்று மின்சாரத்திலேயே இருக்கும் ஜிக்பீ பொருள்கள் பெரும்பாலும் செய்தியைக் கைமாற்றி அடுத்த பொருளுக்கு அனுப்பும். கடைக்கும் பின்கட்டுக் கிடங்குக்கும் நடுவில் அப்படி ஒரு பிளக் இருந்தால் கிடங்கின் சென்சார் எளிதாக ஹப்பை எட்டும். பேட்டரியில் ஓடுபவை இந்தக் கைமாற்று வேலையைச் செய்யா. த்ரெட் என்பதும் ஏறத்தாழ இதே தன்மையுடையது.

மேட்டர் என்பது 2022 அக்டோபரில் வெளியான பொது விதிமுறை. வெவ்வேறு கம்பெனிப் பொருள்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வேலை செய்வதற்காகக் கம்பெனிகள் கூடி வகுத்தது. ஒரே கம்பெனியை நம்பிக் கட்டுண்டு கிடக்க வேண்டாம் என்பதால், இன்று புதிதாக வாங்குபவர்கள் மேட்டர் குறியுள்ள ஹப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது என்பது நம் கருத்து.

இசட்-வேவ் என்று ஒன்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வரும் பொருள்களில் இது இருந்தால் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் இது 908 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குவது. அங்கே வாங்கியது இங்குள்ள ஹப்போடு பேசாது. அதுவுமன்றி அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அன்போடு கொண்டு வந்த பிளக் முதல் நாளே புகைந்து போக வேண்டாம்.

மூளை எங்கே இருக்கிறது?

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. 'இன்டர்நெட் இல்லாத நேரத்தில் இது என்னென்ன செய்யும்?' என்பதே.

சில ஹப்புகள் கட்டளைகளைத் தமக்குள்ளேயே வைத்துக் கொண்டு இயங்குபவை. இன்டர்நெட் அறுந்தாலும் மாலையில் விளக்கு எரியும், கதவு திறந்தால் மணி அடிக்கும். வேறு சில, ஒவ்வொரு சிறு செயலுக்கும் எங்கோ வெளிநாட்டில் உள்ள கணினியைக் கேட்டுக் கேட்டுச் செய்பவை. நம் வீட்டுச் சுவிட்சைப் போட நம் செல்போன் கொடுத்த கட்டளை கடல் கடந்து போய்த் திரும்பி வருகிறது. எல்லாம் நன்றாக இருக்கும் வரை இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

தெரிந்த நாள் ஒன்றைச் சொல்கிறோம். 2025 அக்டோபர் 20, தீபாவளித் திருநாள். அன்று நம் நேரப்படி நண்பகல் கடந்த சிறிது நேரத்தில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அமேசான் கம்பெனியின் கணினி மையத் தொகுதியில் பெயர்-முகவரி தேடும் அமைப்பு ஒன்றில் கோளாறு ஏற்பட்டது. அதை நம்பியிருந்த எத்தனையோ சேவைகள் பல நாடுகளில் மணிக்கணக்கில் தடுமாறின. அலெக்சாவும் அவற்றில் ஒன்று. வீட்டில் எதுவும் பழுதாகவில்லை. ஆனால் விளக்கு சொல் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய பாடம் கம்பெனியே கைவிரிப்பது. ரிவால்வ் என்ற ஹப் 299 டாலருக்கு, ஆயுள்காலச் சேவை என்று சொல்லி விற்கப்பட்டது. 2014-இல் அக்கம்பெனியை நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. வாங்கியவர்கள் கையில் வெறும் பிளாஸ்டிக் பெட்டி எஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் கணினிகள் முன்னறிவிப்பு இன்றி நின்றன. பயன்படுத்தியவர்கள் சிலரே கூடி அதே ஆண்டு அக்கம்பெனியை வாங்கி மீண்டும் இயக்க வேண்டியதாயிற்று. 'ஆயுள்காலம்' என்று விற்பவர் சொன்னால் யாருடைய ஆயுள் என்று கேட்டுக் கொள்வது வணிகர் வழக்கம் தானே.

சோதிக்க எளிய வழி உண்டு. விற்கும் கடையிலேயே, அல்லது வீட்டுக்கு வந்த முதல் நாளே, ரூட்டரை அணைக்காமல் அதற்கு வரும் இன்டர்நெட் வயரை மட்டும் கழற்றிவிட்டு, விளக்கைப் போட்டுப் பாருங்கள். எது வேலை செய்கிறதோ அதுவே நம் சொந்தம்.

மின்சாரம் போய் வந்த பிறகு

விளம்பரப் படங்களில் மின்தடை வருவதே இல்லை. நமக்கோ பராமரிப்பு வேலைக்கென்று அறிவித்த மின்தடையும் உண்டு, கோடைமழைக் காற்றில் அறிவிக்காத மின்தடையும் உண்டு. ஆகவே நம் ஊரில் ஒரு ஸ்மார்ட் பொருளின் தரத்தை, மின்சாரம் இருக்கும்போது அது செய்வதை வைத்துப் பார்க்கக் கூடாது. போய் வந்த பிறகு என்ன செய்கிறது என்பதை வைத்தே பார்க்க வேண்டும்.

சாதாரணச் சுவிட்சு போட்டபடியே இருக்கும். மின்சாரம் வந்ததும் ஃப்ரீசர் தானே ஓடத் தொடங்கும். ஸ்மார்ட் பிளக் அப்படியல்ல. அதற்கு 'மின்சாரம் திரும்பியதும் நிலை' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எப்போதும் ஆன், எப்போதும் ஆஃப், கடைசியாக இருந்த நிலை என்று மூன்றில் ஒன்று. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். மலிவான சிலவற்றில் மாற்றவே வழியிருக்காது.

ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். இரவு ஒன்றரைக்கு மின்சாரம் போகிறது, இரண்டுக்கு வருகிறது. ஃப்ரீசர் ஆஃப் நிலைக்குத் திரும்பும் பிளக்கில் இருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறோம். மின்விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, பால் பாக்கெட் வாங்க ஆட்கள் நிற்கிறார்கள். ஃப்ரீசர் ஓடும் சத்தம் இல்லை என்பதை அந்த நேரத்தில் யார் கேட்பது? நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் சில மணி நேரம் தாங்கும். கண்ணாடி மூடி போட்ட ஐஸ்கிரீம் பெட்டி, அதுவும் பிள்ளைகள் திறந்து மூடும் பெட்டி, சித்திரை வெயிலில் அவ்வளவு தாங்காது. பத்து மணிக்குக் கண்டுபிடித்து மறுபடி ஓட்டினாலும், உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீம் பனிமணல் போல ஆகிவிடும். வாங்கிப் போன வாடிக்கையாளர் திரும்ப வருவார், அல்லது வரவே மாட்டார்.

ஆகவே ஃப்ரீசரையும் குளிர்பெட்டியையும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டவே வேண்டாம் என்பது நம் உறுதியான கருத்து. அவற்றை ஸ்டெபிலைசரோடு பழையபடி சாதாரணப் பிளக்கிலேயே விட்டுவிடுங்கள். கம்ப்ரசர் நின்ற உடனே மீண்டும் ஓடாமல் சில நிமிடம் தாமதிக்கும் ஸ்டெபிலைசர் அதற்குப் போதிய காவல். ஹப்பின் வேலை அங்கே பார்ப்பது மட்டும், தொடுவது அல்ல.

பார்ப்பதற்கு ஒரு வெப்பநிலை சென்சார் வையுங்கள். உறைந்த பொருளுக்கு மைனஸ் 18 டிகிரி, பாலுக்கு 5 டிகிரிக்குக் கீழே என்பது கணக்கு. சென்சாரை முழுவதுமாக ஃப்ரீசருக்குள் போட்டால் இரண்டு தொல்லை. குளிரில் பட்டன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து அலையும் வெளியே வராது. நீண்ட வயரின் முனையில் உணர்கருவி உள்ள வகை கிடைக்கிறது. முனை உள்ளே, சென்சார் வெளியே. மூடியின் ரப்பர் வழியாக அந்த மெல்லிய வயர் போவதால் காற்றுக் கசிவு ஏற்படாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை வைக்கும்போது 'மைனஸ் 10-ஐத் தாண்டி அரை மணி நேரம் நின்றால் செல்போனுக்குச் சொல்' என்பது போல நேரமும் சேர்த்து வையுங்கள். மூடியைத் திறந்து சரக்கு அடுக்கும் ஒவ்வொரு முறையும் செல்போன் கத்தினால், நான்காம் நாள் அந்தச் சத்தத்தை நாமே நிறுத்திவிடுவோம். ஐந்தாம் நாள் உண்மையிலேயே ஃப்ரீசர் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. மின்சாரம் போனால் ரூட்டரும் நிற்கும். ரூட்டர் நின்றால் எச்சரிக்கை வராது. செய்தி வரவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று பொருளல்ல. ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் ஹப்பையும் இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரூட்டருக்கென்றே விற்கும் சிறு 12 வோல்ட் பேட்டரிப் பெட்டியை, உங்கள் ரூட்டரின் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட்டோடு ஒத்துப் பார்த்து வாங்கலாம். அப்படியும் இரவு கடை சாத்தும் போது ஒருமுறை ஆப்பைத் திறந்து, சென்சார் கடைசியாக எத்தனை மணிக்குப் பேசியது என்று பார்த்துவிடுவது கல்லாவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பதற்குச் சமம்.

அமைக்கும் வரிசை

முதலில் கணக்குத் திறப்பது. ஹப்பை இயக்க ஒரு மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் கேட்கும். பல இடங்களில் பொருத்த வந்த எலக்ட்ரீஷியனோ, கடையில் வேலை பார்க்கும் பையனோ தன் செல்போனிலேயே கணக்கைத் திறந்து முடித்துவிடுகிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வேலையை விட்டுப் போன பிறகும், நம் கடைக் கதவு எப்போது திறக்கிறது, கேமராவில் யார் தெரிகிறார்கள் என்பது அவர் கையில்தான் இருக்கும். கணக்கு முதலாளியின் சொந்த மின்னஞ்சலில், சொந்த எண்ணில் திறக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு 'உறுப்பினராகச் சேர்' என்ற வழியில் தனித்தனி அனுமதி கொடுக்கலாம், போகும்போது நீக்கலாம். பாஸ்வேர்டோடு செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணும் சேர்த்துக் கேட்கும்படி அமைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்து இடம். ஹப்பை வீட்டின் நடுவில், தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில் வைப்பது நல்லது. மாடிப்படித் திருப்பம் பல வீடுகளுக்குப் பொருந்தும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ, எண்ணெய் டின் அடுக்கிய அலமாரியிலோ வைத்தால் அலை தடைபடும். ரூட்டர் மீதே வைப்பதும் தவறு. ஜிக்பீயும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸும் ஒரே பகுதியில் பேசுபவை. இரண்டும் ஒட்டி நின்றால் சந்தைச் சத்தத்தில் விலை பேசுவது போல ஆகும். மூன்றடி தள்ளி வைத்தால் போதும்.

வைஃபையில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இன்றைய ரூட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டிலும் இயங்குபவை. 5 வேகமானது, ஆனால் செங்கற் சுவரைத் தாண்டுவதில் 2.4 மேல். ஸ்மார்ட் பல்பு, பிளக் ஆகியவற்றில் பெரும்பாலானவை 2.4-இல் மட்டுமே சேரும். செல்போன் 5-இல் இருக்க, பல்பு 2.4-ஐத் தேட, 'இணைக்க முடியவில்லை' என்று திரும்பத் திரும்ப வரும். பொருள் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போகும் முன், ரூட்டரில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, செல்போனை 2.4-இல் சேர்த்துவிட்டு முயலுங்கள். இன்டர்நெட் கொடுப்பவரே இதைச் செய்து தருவார்.

பிறகு ஹப்பை மட்டும் இணைத்து, அது கேட்கும் புதுப்பிப்பை முடிக்க விடுங்கள். நடுவில் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. ஊரையும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். வேறு நாட்டு நேரம் பதிந்திருந்தால் மாலை விளக்கு நள்ளிரவில் எரியும். ஊர் சரியாகப் பதிந்திருந்தால், '6 மணிக்கு விளக்கு' என்று சொல்வதைவிட 'சூரியன் மறையும்போது' என்று சொல்வது மேல். நம் பகுதியில் கார்த்திகைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 5.40-க்கு மறையும் சூரியன், ஆனி கடைசியில் 6.40 வரை இருக்கிறது. ஒரு மணி நேர வேறுபாட்டைப் பெட்டியே பார்த்துக் கொள்ளும்.

ஹப் சரியானதும் ஒரே ஒரு பொருளை மட்டும் சேருங்கள். மாடிக் கூடத்து விளக்காக இருக்கட்டும். ஒரு வாரம் ஓடட்டும். பத்துப் பொருளை ஒரே நாளில் சேர்த்தால் எது கோளாறு என்று பிரித்துப் பார்க்க இயலாது.

ஒவ்வொரு பொருளின் மேலும் கட்டம் கட்டமாக ஒரு குறியும் அதன் கீழ் எண்ணும் இருக்கும். மேட்டர் பொருளில் அது பெரும்பாலும் 11 இலக்க எண். அதுவே அந்தப் பொருளின் சாவி. சுவரில் பதித்து மூடிய பிறகு அந்த எண் தெரியாது. ஹப் மாற்றும் நாளில் சுவரை உடைத்து எடுக்கும் நிலை வரும். பொருத்தும் முன் எண்ணைக் கடை நோட்டில் எழுதி, செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். பெயர் வைக்கும்போது சுருக்கமாக, ஒன்றுக்கொன்று வேறாக ஒலிக்கும்படி வைக்க வேண்டும். 'கடை விளக்கு ஒன்று, கடை விளக்கு இரண்டு' என்றால் பேச்சில் குழம்பும்; 'படி விளக்கு, கல்லா விளக்கு' என்றால் குழம்பாது. பேசி இயக்க விரும்புகிறவர்கள், தமிழ் எவ்வளவு எடுபடுகிறது என்று வாங்கும் கடையிலேயே பேசிப் பார்த்துவிடுங்கள்.

வயரும் சுமையும்

ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்சுப் பெட்டிக்குள் ஃபேஸ் மட்டுமே வந்து போகும். நியூட்ரல் வேண்டாத வகையும் உண்டு. ஆனால் குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு அதில் மினுக்கும், அணைத்த பிறகும் மங்கலாக எரியும். இதைப் பார்க்கத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்ய வேண்டும். கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் உள்ள கட்டடங்களில், ஒரு மீட்டரின் ஃபேஸையும் மற்றொன்றின் நியூட்ரலையும் சேர்த்துவிடும் அவசர வேலை வேண்டவே வேண்டாம். உயிருக்கே ஆபத்து.

சுமையைப் பொறுத்தவரை, 10 ஆம்பியர் பிளக் என்றால் 230 வோல்ட்டில் 2300 வாட். 16 ஆம்பியர் என்றால் 3680 வாட். 2000 வாட் கீசருக்கு 16 ஆம்பியர் பிளக்கே பாதுகாப்பு. மோட்டார், கிரைண்டர் போன்றவை தொடங்கும் நொடியில் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு இழுக்கும். மோட்டாரை ஹப்பால் இயக்க வேண்டுமானால் நடுவில் கான்டாக்டர் வைத்துத்தான் இயக்க வேண்டும். ரோலிங் ஷட்டர் மோட்டாரைக் கண்ணால் பார்க்காமல் இறக்கும்படி அமைப்பது கூடாது. கீழே குழந்தை நிற்கிறதா என்று பெட்டிக்குத் தெரியாது.

நெசவு நடக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். ஆள் அசைவைப் பார்த்து விளக்குப் போடும் சென்சாரைத் தறி மேல் வைக்க வேண்டாம். அறுந்த இழையைக் கட்டுவதற்காக நெசவாளர் அசையாமல் குனிந்திருக்கும் நேரத்தில், ஆள் இல்லை என்று எண்ணி அது விளக்கை அணைத்துவிடும். மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் அந்தச் சென்சார் பொருத்தம். மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறியையும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்ட வேண்டாம். பட்டு நூல் வைத்திருக்கும் அறைக்கு ஓர் ஈரப்பத சென்சார் வைப்பது பயன் தரும். பட்டு ஈரம் உறிஞ்சும் பொருள். அதன் வணிக எடையில் ஈரத்துக்கென்று 11 சதவீதம் ஏற்கப்பட்ட கணக்கே உண்டு. மழைக்காலத்தில் நிறுக்கும் நூலும் கோடையில் நிறுக்கும் நூலும் ஒன்றல்ல.

மளிகைக் கிடங்குக்கும் அதே சென்சார் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடங்குக் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அரிசியிலும் பருப்பிலும் பூஞ்சை பிடிக்க இடம் உண்டு. நம் ஊர் அரிசி வியாபாரத்துக்கு இது சின்ன விஷயமல்ல. எண் ஏறுவதைப் பார்த்து மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, மரச்சட்டத்தின் மேல் ஏற்றினால் பெட்டியின் விலை அந்த ஒரு மழையிலேயே வந்துவிடலாம். சமையலறையில் காஸ் கசிவு சென்சார் வைப்பவர்கள் தரைக்கு ஓரடி மேலே வையுங்கள். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது, கீழேயே தேங்கும். மேலே கூரையோரம் மாட்டினால் பயனில்லை.

யார் கேட்கிறார்கள்?

பேசும் ஸ்பீக்கரைக் கல்லாவின் அருகில் வைக்காதீர்கள். கடன் பேச்சு, கொள்முதல் விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படுகிறது. தன்னை அழைத்ததாகத் தவறாக எண்ணி அது கேட்கத் தொடங்குவதும் உண்டு. மைக்கை அணைக்கும் பொத்தான் எங்கே என்று முதல் நாளே தெரிந்து கொள்ளுங்கள்.

கேமராவையும் ஹப்போடு சேர்ப்பவர்கள், அதோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்ற வேண்டும். 2016-இல் மிராய் என்ற தீய நிரல், பாஸ்வேர்டு மாற்றப்படாத லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி, பெரிய இணையதளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கினார்கள். கேமராவின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் பொருள் இப்படிப் பயன்படுவது தெரியவே தெரியாது. பில் போடும் கணினி இருக்கும் வைஃபையும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும் வேறாக இருக்கட்டும். ரூட்டரில் 'விருந்தினர்' என்று தனி இணைப்பு கொடுக்க வழியிருக்கிறது. ஹப்பையும் அதன் பொருள்களையும் மட்டும் ஒரே இணைப்பில் வையுங்கள். பிரித்தால் ஒன்றையொன்று காணாது.

வரவும் செலவும்

மின்கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 வாட் பல்பு ஐந்து, தினம் இரண்டு மணி நேரம் வீணாக எரிவதை ஹப் தடுக்கிறது என்றால், மாதம் 2.7 யூனிட் மிச்சம். ஹப் தானே 5 வாட் எடுத்து இரவு பகலாக ஓடினால் மாதம் 3.6 யூனிட் செலவு. ஸ்மார்ட் பிளக் ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போதே 1 வாட் எடுத்தால் மாதம் 0.7 யூனிட். இதில் லாபம் இல்லை. கெடாமல் காப்பாற்றிய சரக்கிலும், நேரத்தோடு தெரிந்துகொண்ட கசிவிலும்தான் இதன் லாபம். அந்தத் தேவை இல்லாதவர்கள், பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு பல்போடு நிறுத்திக் கொள்ளலாம்.

கடைக்கு வாங்குவதைக் கடையின் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேட்டு வாங்குங்கள். இணக்கத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆனாலும் உத்தரவாதத்துக்குப் பில் வேண்டும். மாடிக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும், ஓய்வாக இருக்கும் ஒரு மதியம் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு மெயினை அணையுங்கள். பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எந்த விளக்குத் தானே எரிந்தது, எது எரியவில்லை, ஹப் எத்தனை நிமிடத்தில் எழுந்தது, ஃப்ரீசர் ஓடுகிறதா, எச்சரிக்கை யார் செல்போனுக்கு வந்தது என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதுங்கள். பூட்டு வைத்திருப்பவர்கள் சாதாரணச் சாவியால் திறக்க முடிகிறதா என்று அப்போதே பாருங்கள். அந்தச் சாவி பூட்டிய வீட்டுக்குள் இருக்கக் கூடாது. மறுநாள் இன்டர்நெட் வயரை மட்டும் கழற்றி இதே சோதனையைச் செய்யுங்கள்.

சென்சார்களின் பேட்டரியை, ஆப்பில் சிவப்புக் குறி வரும் வரை காத்திராமல், ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குக் கடையைத் துடைத்துச் சுத்தம் செய்யும் அன்றே மாற்றிவிடலாம். மாற்றிய தேதியைச் சிறு சீட்டில் எழுதி, அந்தந்த சென்சாரின் பின்புறமே ஒட்டிவிடுங்கள்.